அதிர்ஷ்டத்தை வாரிக்கொண்டு வர ஒரு மூங்கில் வாரி: தோரி நோ இச்சிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

முதல் வருடம் போனபோது, 3,000 யென் சொன்ன வாரியை 2,000 யென்னுக்குப் பேசி முடித்தேன். ஜெயித்த சந்தோஷத்தில் மீதி ஆயிரத்தைப் பர்ஸிலேயே வைத்துக்கொண்டேன். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தார், கைதட்டினார், பொருளைக் கையில் கொடுத்தார். கூட வந்திருந்த அலுவலக மூத்தவர்தான் பத்தடி தள்ளி வந்ததும் மெல்லச் சொன்னார்: "குறைத்த பணத்தை அவரிடமே கொடுத்துவிட வேண்டும்." திருப்பிக் கொடுப்பதென்றால் எதற்குப் பேரம் பேசினோம்? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் எளிது. அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

என்ன திருவிழா இது?

தோக்கியோவிலும் சுற்றுவட்டாரத்திலும் நவம்பர் மாதத்துச் சேவல் நாள்களில், ஜப்பானின் பழைய சமயமான ஷிந்தோவின் கோயில்களில் கூடும் சந்தைதான் தோரி நோ இச்சி. 'தோரி' என்றால் சேவல், 'இச்சி' என்றால் சந்தை. இங்கே விற்கும் முக்கியப் பொருள் குமதே. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'கரடியின் கை'. பொருள் என்னவோ சருகு வாரும் மூங்கில் வாரிதான். சருகை வாருவதுபோல வருகிற வருடத்து அதிர்ஷ்டத்தையும் வியாபாரத்தையும் வாரிக்கொள்ள வேண்டும் என்பது நம்பிக்கை. உணவகம், மதுக்கடை, சிறு நிறுவனம் நடத்துகிறவர்களுக்கு இது தவறவிடக் கூடாத நாள். வீட்டுக்காக வாங்குகிறவர்களும் நிறையப் பேர்.

இது தொடங்கியது நகரத்துக் கடைத்தெருவில் அல்ல. இன்றைய அதாச்சி வட்டாரத்தில் ஹனமத்தா என்ற ஊரின் ஒத்தோரி கோயிலில் உழவர்கள் கொண்டாடிய அறுவடை விழாதான் மூலம். கோயிலுக்குச் சேவல் காணிக்கை தருவார்கள். சந்தையில் வேளாண் கருவிகள் விற்கும். அந்தக் கருவிகளில் ஒன்றான வாரிதான் பின்னாளில் அலங்காரம் பூண்டு மங்கலப் பொருளானது. ஹனமத்தா விழாவில் சூதாட்டம் பெருகி, ஆட்சியாளர்கள் அதைத் தடை செய்த பிறகு கூட்டம் தோக்கியோவின் அசகுசா பக்கம் சாய்ந்துவிட்டது. கோயில் புராணம் வேறு கதை சொல்கிறது. யமத்தோ தகேரு என்ற இளவரசர் கிழக்கே போருக்குப் போய்த் திரும்பும் வழியில், சேவல் நாளன்று கோயில் பைன் மரத்தில் தன் குமதேயைச் சாய்த்து வைத்து நன்றி செலுத்தினாராம். இரண்டில் எது உண்மை என்று யாரும் அங்கே சண்டை போடுவதில்லை.

நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்

எலி, எருது, புலி என்று பன்னிரண்டு விலங்குகள் ஆண்டுகளுக்கு மட்டுமல்ல, நாள்களுக்கும் உண்டு. நமக்கு நட்சத்திரம் சுற்றி வருவதுபோல, அவர்களுக்குச் சேவல் 12 நாளுக்கு ஒருமுறை வரும். ஆகவே நவம்பரில் இரண்டு சேவல் நாள்கள் கட்டாயம் உண்டு. முதல் சேவல் 6-ஆம் தேதிக்குள் விழுந்துவிட்டால் மூன்று. 2026-இல் நவம்பர் 7, 19 என இரண்டு. 2027-இல் 2, 14, 26 என மூன்று. மூன்று சேவல் வரும் வருடத்தில் தீ விபத்து அதிகம் என்று, தோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்திலிருந்து ஒரு பேச்சு இருக்கிறது. மர வீடுகளும் காய்ந்த குளிர்காற்றும் சேர்ந்த ஊரில் அந்தப் பயம் வந்ததில் ஆச்சரியமில்லை.

எந்தக் கோயில்?

முதல்முறை என்றால் அசகுசா, இல்லாவிட்டால் ஷின்ஜுகு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

அசகுசாவின் ஒத்தோரி கோயில்தான் பெரியது. ஹிபியா தடத்தில் இரியா நிலையத்தில் இறங்கி நடக்கலாம். அசகுசா என்றதும் சிவப்பு விளக்கு தொங்கும் சென்சோஜி பக்கம் இறங்கிவிடாதீர்கள். அது வேறு, இது அங்கிருந்து வடக்கே தள்ளி இருக்கிறது. இங்கே புதியவர்களைக் குழப்பும் இன்னொன்று: கோயிலை ஒட்டியே சோகோகுஜி என்ற பௌத்தக் கோயிலும் இருக்கிறது, அதே நாளில் அங்கும் திருவிழா. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் தொடங்கிய மெய்ஜி காலத்தில் ஷிந்தோவையும் பௌத்தத்தையும் அரசு பிரித்து வைக்கும்வரை இரண்டும் ஒரே வளாகம்தான். கூட்டம் தள்ளிக்கொண்டு போகிற போக்கில் ஒன்றிலிருந்து மற்றதற்குள் போய்விடுவீர்கள். குற்றமில்லை. இரண்டிலும் கும்பிட்டுவிட்டு வருகிறவர்களே அதிகம்.

ஷின்ஜுகுவின் ஹனசோனோ கோயில் சிறியது. ஷின்ஜுகு-சான்சோமே நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் விளக்கு வரிசை தெரிந்துவிடும். பக்கத்திலேயே கேளிக்கை வட்டாரம் என்பதால், இரவு நேரக் கடைக்காரர்கள் கோட்டும் கிமோனோவுமாக வந்து பெரிய பெரிய வாரிகளைத் தூக்கிப் போவதைப் பார்க்க வேண்டுமானால் இதுதான் இடம். முந்தைய நாள் மாலையிலேயே இங்கே விழா தொடங்கிவிடும்.

எந்த நேரம்?

அசகுசாவில் சேவல் நாள் பிறக்கும் நள்ளிரவு 12 மணிக்கு முரசு அடித்துத் திறப்பார்கள். அடுத்த நள்ளிரவு வரை 24 மணி நேரமும் சந்தை. மாலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை, அதுவும் சனி ஞாயிறு என்றால், கோயில் முன் வரிசை சாலைவரை நீளும். குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் காலை ஒன்பது, பத்து மணிக்குப் போய்விடுங்கள். கடைக்காரர்களும் அப்போது நின்று பேசுவார்கள். ஆனால் ஒன்று, இந்தச் சந்தையின் அழகு விளக்கு வெளிச்சத்தில்தான். குமதேக்கள் சுவர் சுவராக, தலைக்கு மேல் கூரைவரை அடுக்கியிருக்க, பொன்னும் சிவப்புமாக ஒளி அடிக்கும். நான் தனியாகப் போனால் இரவு பதினொன்றுக்கு மேல்தான். நவம்பர் இரவு குளிரும், கழுத்துத் துணி அவசியம்.

பணமாகக் கொண்டு போங்கள், அதுவும் ஆயிரம் யென் தாள்களாக. பேரம் பேசப் போகிற இடத்தில் பத்தாயிரம் யென் தாளை நீட்டினால் பார்க்க நன்றாக இருக்காது.

முதலில் சாமி, பிறகு கடை

தோரண வாயிலில் ஒரு சிறு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். நடைபாதையின் நடு சாமியின் வழி என்பார்கள், ஓரமாக நடப்பது மரியாதை. திருவிழா நெரிசலில் அதற்கு வாய்ப்பே இருக்காது, கவலைப்பட வேண்டாம். நீர்த்தொட்டி வந்தால் வலக்கையால் அகப்பையை எடுத்து இடக்கையைக் கழுவுங்கள், கை மாற்றி வலக்கையைக் கழுவுங்கள், மறுபடி இடக்கையில் நீர் பிடித்து வாய் கொப்பளியுங்கள். அகப்பையில் வாய் வைக்கக் கூடாது. இடக்கையை மீண்டும் கழுவி, அகப்பையை நிமிர்த்தி மிச்ச நீர் காம்பில் வழியவிட்டு வையுங்கள்.

சந்நிதியில் காணிக்கை போட்டு இரண்டு முறை குனிந்து வணங்கி, இரண்டு முறை கைதட்டி, கும்பிட்டு, கடைசியாக ஒருமுறை வணங்க வேண்டும். காணிக்கை எவ்வளவும் இருக்கலாம். பலரும் 5 யென் நாணயம் போடுவதற்குக் காரணம், 'கோ-என்' என்ற உச்சரிப்பு 'நல்ல தொடர்பு' என்ற சொல்லோடும் ஒத்துப்போவதுதான். அசகுசாவில் முன்னால் நிற்கிறவர் தலைக்கு மேலாகக் காசு பறக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே இடத்தில் ஒகாமே என்ற உப்பிய கன்னத்துச் சிரித்த முகம் ஒன்று பெரிதாக வைத்திருக்கும். அதைத் தடவிவிட்டுப் போவது வழக்கம். நெற்றியைத் தடவினால் அறிவு, கண்ணைத் தடவினால் முன்யோசனை, மூக்கைத் தடவினால் பணம். நம் பக்கத்திலிருந்து பார்க்க வலக் கன்னம் காதலுக்கு, இடக் கன்னம் உடல்நலத்துக்கு. வாயைத் தடவினால் கெட்டது விலகும். மூக்குதான் எப்போதும் பளபளவென்று இருப்பதுபோல எனக்குத் தோன்றும்.

வெளியே வரும் வழியில் கோயிலே தரும் சிறிய வாரி ஒன்று கிடைக்கும். பெயர் கக்கோமே, 'வாரிக்கொள்' என்று பொருள். மூங்கில் வாரியில் நெற்கதிரும் கோயில் சீட்டும் கட்டியிருக்கும், அவ்வளவுதான் அலங்காரம். பூசை செய்து தருவது இதுதான். கடைகளில் விற்பது கைவினைஞர்களின் சரக்கு. செலவு செய்ய மனமில்லாதவர்கள் இதை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினாலும் வந்த காரியம் முடிந்தது. இதற்குப் பேரம் கிடையாது.

வாரியைப் பார்ப்பது

நூற்றுக்கும் மேற்பட்ட குமதே கடைகள் இருக்கும். முதல் கடையிலேயே வாங்கிவிடாதீர்கள், ஒரு சுற்று வாருங்கள். சுற்றும்போது என்னென்ன மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒகாமே முகம் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். முட்டை வடிவில் பொன் நிறத் தகடுகள் எடோ காலத்துத் தங்கக் காசுகள். 'தாய்' என்ற சிவப்பு மீன், மங்கலம் என்று பொருள்படும் 'மெதெதாய்' என்ற சொல்லின் வாலில் அதன் பெயர் ஒலிப்பதால் வந்தது. கொக்கு ஆயிரம் ஆண்டு, ஆமை பத்தாயிரம் ஆண்டு. அரிசி மூட்டை, பைன், மூங்கில், பிளம் பூ. சிலவற்றில் முழு வாரியும் ஒரு கப்பலாகவே இருக்கும். அதில் ஏழு அதிர்ஷ்ட தேவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நமக்கு அதில் மூன்று பேர் தெரிந்தவர்கள். கையில் வாத்தியத்தோடு இருக்கும் பென்சைத்தென் நம் சரஸ்வதி. கவசம் போட்ட பிஷமொன்தென் குபேரன். அரிசி மூட்டைமேல் சுத்தியலோடு சிரிக்கும் தைகோகுதென் பௌத்தத்தோடு சீனா வழியாகப் போன மகாகாலன். காலபைரவரின் உறவுக்காரர் அங்கே போய் இப்படிக் கொழுகொழுவென்று ஆகிவிட்டதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் பெரிய வாரிகளில் நிறுவனங்களின் பெயர்ப் பலகை செருகியிருக்கும். அவை முன்பதிவில் போனவை, விலை கேட்டுப் பயனில்லை. படம் எடுக்கும் முன் கேளுங்கள்: "ஷாஷின், ஈ தெசு கா?" படம் எடுக்காதீர்கள் என்று எழுதியே வைத்திருக்கும் கடைகளும் உண்டு, ஒவ்வொரு கடைக்கும் தனி வடிவமைப்பு, அது அவர்களுடைய சொத்து.

எதை வாங்குவது? முதல் வருடம் உள்ளதிலேயே சின்னதை வாங்குங்கள். இது கஞ்சத்தனம் அல்ல, முறை. வருடத்துக்கு வருடம் கொஞ்சம் பெரிதாக வாங்கிக்கொண்டே போக வேண்டும், அப்போதுதான் வியாபாரமும் அதோடு வளரும் என்பார்கள். முதல் வருடமே தோள் அகலத்துக்கு வாங்கினால் பத்தாம் வருடம் வீட்டை மாற்ற வேண்டியிருக்கும்.

பேரம்

இனிதான் நான் சறுக்கிய இடம்.

ஜப்பானில் கடைகளில் விலை பேசுவது வழக்கமில்லை. இந்தச் சந்தையில் மட்டும் பேசாமல் வாங்கினால் சப்பென்று இருக்கும். பேச்சு இப்படிப் போகும்:

"இகுரா தெசு கா?" (என்ன விலை?)

"மூவாயிரம்."

"மோ ஸுகோஷி மகெத்தே." (கொஞ்சம் குறையுங்கள்.)

அவர் தலையைச் சொறிவதுபோல் நடித்து 2,500 என்பார். கணக்குப்பொறியைத் தட்டிக் காட்டுகிறவர்களும் உண்டு. இன்னும் ஒருமுறை கேளுங்கள். 2,000 வரை வந்தால் "சரி, வாங்கிக்கொள்கிறேன்" என்று முடித்துவிடுங்கள். இப்போது 3,000 யென்னைக் கொடுத்து "ஒத்ஸுரி வா கோஷுகி தே" என்று சொல்லுங்கள். மீதி உங்களுக்கு அன்பளிப்பு என்று பொருள். கோஷுகி என்பது கல்யாணம் காட்சியில் கொடுக்கும் மொய் மாதிரியான மங்கலப் பணம்.

ஆக, அவர் முதலில் சொன்ன விலையைத்தான் கொடுக்கிறீர்கள். ஆனால் அதே மூவாயிரம் இப்போது வேறு பணம். இரண்டாயிரம் பொருளின் விலை, ஆயிரம் நீங்கள் மனமுவந்து தந்தது. குறைத்து வாங்கியதால் உங்களுக்கு லாபம், அன்பளிப்பு வந்ததால் அவருக்கும் லாபம். இந்த வியாபாரத்தில் யாரும் நஷ்டப்படவில்லை. மொழியிலும் ஒரு விளையாட்டு இருக்கிறது. ஜப்பானிய மொழியில் விலையைக் குறைப்பதும் தோற்பதும் ஒரே ஒலி, 'மகேரு'. வாங்கினேன் என்பதும் வென்றேன் என்பதும் ஒரே ஒலி, 'கத்தா'. கடைக்காரர் "மகெத்தா, மகெத்தா!" என்று கையை விரிப்பார், நீங்கள் "கத்தா!" என்பீர்கள். வென்றவர் பெருந்தன்மை காட்டுவதுதான் பழைய எடோக்காரர்களின் அழகு. இதற்கு 'இகி' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். மிடுக்கு என்று சொல்லலாம், ஆனால் மிடுக்கில் இவ்வளவு சிரிப்பு இருக்காது.

முழு மீதியையும் கொடுத்தாக வேண்டும் என்று சட்டமில்லை. பாதியைக் கொடுக்கிறவர்கள் உண்டு. விலைச்சீட்டு ஒட்டிய சின்னஞ்சிறு வாரிகளுக்கு யாரும் பேரம் பேசுவதும் இல்லை. பேசத் தெரியாமல் திணறினால் கடைக்காரரே எடுத்துக்கொடுப்பார். செய்யக் கூடாதது ஒன்றுதான்: முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொண்டு பாதி விலைக்குக் கேட்டு, தராவிட்டால் அடுத்த கடைக்கு நடப்பது.

கைதட்டல்

பணம் கைமாறியதும் கடையில் உள்ள எல்லோரும் உங்களைச் சுற்றி நின்றுவிடுவார்கள். சிலர் தீக்கல்லை உரசிப் பொறி பறக்கவிட்டுத் தீட்டுக் கழிப்பதும் உண்டு. பயந்துவிடாதீர்கள். தலைவர் "கனை அன்சென்! ஷோபை ஹன்ஜோ!" என்பார், குடும்பம் நலமாக, வியாபாரம் செழிக்க என்று பொருள். பிறகு "இயோ...!" என்று இழுத்து ஒரு குரல். அந்தக் குரல் முடிந்த அடுத்த கணம் எல்லோரும் சேர்ந்து தட்ட வேண்டும்: மூன்று, மூன்று, மூன்று, கடைசியில் ஒன்று. முழு முறை என்றால் இதையே மூன்று தடவை. கடைக்குக் கடை கொஞ்சம் மாறும், நீங்கள் பக்கத்து ஆளின் கையைப் பார்த்துத் தட்டுங்கள்.

கடைசியில் வரும் அந்த ஒற்றைத் தட்டுக்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். மூன்று மூன்று ஒன்பது. ஒன்பது என்ற சீன எழுத்தில் ஒரு புள்ளி சேர்த்தால் வட்டம் என்ற எழுத்தாகிவிடும். புள்ளிதான் அந்தக் கடைசித் தட்டு. வட்டமாயிற்று, குறையில்லாமல் முடிந்தது.

பெரிய வாரி விற்றால் கைதட்டல் அதிரும். ஆயிரம் இரண்டாயிரம் யென் வாரிக்குச் சில கடைகளில் தட்ட மாட்டார்கள். வேண்டுமானால் "தெஜிமே, ஒனெகாய்ஷிமசு" என்று கேட்டுப் பாருங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் மறுக்க மாட்டார்கள்.

வீட்டுக்குக் கொண்டு போவது

வாரியைப் பைக்குள் திணிக்காதீர்கள். முகத்தை முன்னால் வைத்து, உயரப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்; வழியில் உள்ள அதிர்ஷ்டத்தையும் அது வாரிக்கொண்டே வருமாம். 1857-இல் ஓவியர் ஹிரோஷிகே வரைந்த எடோ காட்சிகளில் ஒன்று இந்தத் திருவிழாதான். யோஷிவாரா என்ற பழைய கேளிக்கை வட்டாரத்து மாடி அறையின் சன்னலில் ஒரு வெள்ளைப் பூனை வெளியே பார்த்துக்கொண்டிருக்கும். தூரத்து வயல் வரப்பில் எறும்புச் சாரைபோல ஆட்கள், தோளுக்கு மேல் வாரிகள். அறைத் தரையில் குமதே வடிவக் கொண்டை ஊசிகள் கிடக்கும். இன்று வயல் இல்லை. கடைசி ரயிலில் கைப்பிடியைப் பிடிக்க முடியாமல் ஒரு கையால் வாரியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் கோட்டுக்காரர்கள் இருக்கிறார்கள்.

வழியில் தின்பண்டக் கடைகள் வரிசையாக இருக்கும். ஆக்டோபஸ் துண்டு வைத்துச் சுடும் மாவு உருண்டையான தகொயாகி எங்கும் கிடைக்கும். இங்கே தேட வேண்டியது கிரிசான்ஷோ. அரிசிமாவில் சான்ஷோ மிளகின் மணம் சேர்த்து நீளத் துண்டுகளாக நறுக்கிய இனிப்பு. இலை, பூ, காய், மரம் என்று சான்ஷோவில் வீணாகிற பாகமே இல்லை என்பதால் மங்கலம் என்பார்கள். முதல் கடியில் சோப்பு ஞாபகம் வரலாம். மூன்றாவது துண்டில் பழகிவிடும்.

வீட்டில் தலைக்கு மேலான இடத்தில், வாசலைப் பார்த்தபடி வையுங்கள். உள்ளே வருகிற அதிர்ஷ்டத்தை எதிர்கொண்டு வார வேண்டுமல்லவா? வீட்டில் சாமி மாடம் இருந்தால் அங்கேயும் வைக்கலாம். ஊருக்கு எடுத்துப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: நெற்கதிர், வைக்கோல் கட்டியவை செடிகொடி விதிகளில் விமான நிலையத்தில் சிக்கலாம். காகிதமும் பிளாஸ்டிக்கும் மட்டும் உள்ளதாகப் பார்த்து வாங்குவது நிம்மதி.

அடுத்த நவம்பரில் பழைய வாரியைக் குப்பையில் போடாமல் கோயிலுக்கே கொண்டு வாருங்கள். வளாகத்துக்குள் பழையதை ஒப்படைக்கத் தனி இடம் வைத்திருப்பார்கள். அதைக் கொடுத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, பிறகுதான் கடைப் பக்கம். நான் இரண்டாம் வருடம் அந்த ஆயிரம் யென்னையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அதே கடைக்குத்தான் போனேன். அவருக்கு என்னை நினைவில்லை. மூவாயிரத்து ஐந்நூறு என்றார். நான் மூவாயிரத்துக்குக் கேட்டேன்.